தாத்தா சொல்லாத பாடம்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

"தம்பி கெமிஸ்ட்ரிதான படிக்குது? வெடிமருந்து செய்ய அதுக்குத் தெரியாதா?"

சென்ற ஐப்பசி மாதத்தில் ஓர் இரவு, எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். எனக்கு அவர் மாமா முறை. அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. அந்த நான்கு நாட்களில் நான் கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணியே இதை எழுதுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் உங்களில் பலருக்கு முல்லைப் பெரியாற்றுப் பாசனமும், 14,707 ஏக்கரில் இரு போகம் விளையும் நெல்லும், திராட்சைப் பந்தல்களும் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் அந்தப் படத்தில் இல்லை. சுருளி அருவிக்குப் போகும் பக்கத்தில், மலையின் காலடியில் இருக்கிறது எங்கள் ஊர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் தண்ணீர் எங்களுக்குக் கீழே ஓடுகிறது. மேட்டுக்கு ஏறி வருவதில்லை. எங்களுக்கு வானம் பார்த்த பூமி. ஆடியில் விதைத்த நிலக்கடலையை ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்குவோம். அதில்தான் வீட்டுச் செலவு; அதில்தான் என் படிப்புச் செலவும்.

எங்கள் இரண்டு ஏக்கர் நிலத்திலிருந்து காட்டின் எல்லை கூப்பிடு தூரம். 2021இல் அந்த மலைக்காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. கடலை பால் பிடிக்கும் பருவத்தில் காட்டுப் பன்றிகள் இறங்கிவிடும். ஒரு கூட்டம் ஓர் இரவு உழுதுவிட்டுப் போனால், காலையில் போய்ப் பார்க்கிறவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. ஏர் பூட்டி உழுத நிலம்போல் இருக்கும். ஆனால் செடி ஒன்றும் இருக்காது.

இதற்காக எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. தேனி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, மதுரை மாவட்டமாக இருந்த காலத்தில், என் தாத்தா வாங்கிய உரிமம். தாத்தாவுக்குப் பின், வாரிசு என்ற முறையில் மனுச் செய்து பெரியப்பா தம் பெயரில் பெற்றார். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து இரசீது வாங்க வேண்டும். முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது நானே பெரியப்பாவுடன் சென்று வந்தேன்.

இந்தத் துப்பாக்கியின் இயல்பை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தோட்டா ஆலையிலிருந்தே ஆயத்தமாக வருகிறது. நாட்டுத் துப்பாக்கிக்கு அப்படியன்று. கடையில் வாங்கிய கரிமருந்தைக் குழலின் வாய் வழியே தன் கையாலேயே அளந்து போட்டு இடிக்க வேண்டும். இதைக் 'கெட்டிப்பது' என்பார்கள். ஒவ்வொரு வெடியும் வீட்டில் ஆயத்தமாகும் வெடிதான். ஆகவே மருந்து தீர்ந்துபோனால், அதையும் வீட்டிலேயே செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயற்கை.

பெரியப்பா பன்றியைச் சுடுவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி அதைக் கொல்வது குற்றம். வானத்தை நோக்கி ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பும், பன்றிகள் ஓடிவிடும். இரண்டு நாள் நிம்மதி. சத்தத்துக்குத்தான் மருந்து.

சென்ற ஐப்பசியில் அந்த மருந்து கிடைக்கவில்லை. உரிமம் பெற்ற கடைக்குப் பெரியப்பா இரண்டு முறை போய் வந்தார். "சரக்கு வரலை, அடுத்த மாசம் பாருங்க" என்ற பதில்தான் கிடைத்தது. அடுத்த மாதம் வரை பன்றி காத்திருக்குமா? அந்த வாரத்தில் ஒரே இரவில் எங்கள் மேற்குப் பக்கம் பத்து சென்ட் போயிற்று. அடுத்த நாள் பக்கத்து நிலத்தில் அதைவிட அதிகம். அன்றிரவுதான் திண்ணையில் கூடினார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி பிறந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அச்சம் வரவில்லை; பெருமைதான் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதுவரை ஊரார் என் படிப்பைப் பயன்படுத்திக்கொண்டதெல்லாம் வங்கிப் படிவம் நிரப்பவும், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவும்தான். அதற்கு எட்டாம் வகுப்பே போதும். நான் படிக்கும் வேதியியல் ஊருக்கு வேண்டும் என்று யாரும் கேட்டது அதுவே முதல் தடவை. "பார்த்துச் சொல்றேன் மாமா" என்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே எழுந்து போனார்.

மறுநாள் நம் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தேன். வெடியுப்பு, கந்தகம், கரி என மூன்றே பொருள்கள். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. மூன்றும் பள்ளிப் புத்தகத்தில் படித்த பெயர்கள்தாம். வினையின் சமன்பாட்டை நோட்டில் எழுதி இரு பக்கமும் சமன் செய்தேன். தாளில் அது எவ்வளவு அமைதியாக இருக்கிறது! இதுவா கடினம் என்று தோன்றிற்று.

இரண்டாம் நாள் எங்கள் துறைப் பேராசிரியரிடம் போனேன். ஏதோ பாடச் சந்தேகம் கேட்பதுபோல் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாருக்கு வேணும்?" என்றார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி ஒரு கதை சொன்னார்.

நவீன வேதியியலின் தந்தை என்று நாம் படிக்கிற லவாய்சியர் வெடிமருந்துக்காரரும்கூட. நம் நாட்டுப் பீகாரில் கிடைத்த வெடியுப்பு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் பிரான்சில் வெடியுப்புக்குத் தட்டுப்பாடு. 1775இல் அந்நாட்டு அரசு வெடிமருந்துக்கென ஒரு நிர்வாகத்தை அமைத்து, அதன் பொறுப்பாளர்களுள் ஒருவராக லவாய்சியரை வைத்தது. பின்னர் பெர்த்தோலே என்ற வேதியியலார் பொட்டாசியம் குளோரேட்டு என்ற புதிய உப்பைக் கண்டார். வெடியுப்புக்குப் பதிலாக இதைச் சேர்த்தால் வலிமையான மருந்து கிடைக்கும் என்று 1788 அக்டோபரில் எசோன் என்ற ஊர் ஆலையில் சோதித்தார்கள். லவாய்சியரும் அவர் மனைவியும் பெர்த்தோலேயும் அங்கே இருந்தார்கள். அவர்கள் சற்று விலகியிருந்த வேளையில் கலவை வெடித்தது. இருவர் மாண்டனர்.

"உலகத்தின் பெரிய வேதியியல் மேதைகள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றபோதே இப்படி நடந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் நிற்பார்கள்?" என்று கேட்டார் பேராசிரியர்.

சட்டத்தையும் சொன்னார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, அதற்கென்றே தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ அதற்கான வெடிபொருளையோ செய்யக் கூடாது. பெரியப்பாவிடம் இருப்பது வைத்திருப்பதற்கான உரிமம். செய்வதற்கான உரிமம் அன்று. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் போகலாம். அந்த வழக்கில் முதல் எதிரியாக நிற்கப்போவது யார் என்று எனக்கு விளங்கிற்று.

ஆனாலும் என் மனம் முழுவதும் அடங்கவில்லை. பேருந்தில் சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி வரும்போது எனக்குள் ஒரு வாதம் நடந்தது. லவாய்சியர் எங்கோ இருக்கிறார்; பன்றி எங்கள் கொல்லையில் இருக்கிறது. கொஞ்சமாக, கவனமாகச் செய்தால் என்ன ஆகிவிடும்? அறிவுள்ளவன் செய்தால் ஆபத்து வராது என்றே எண்ணினேன். படித்தவனுக்கு வரும் செருக்கு அது என்று இன்று தெரிகிறது.

மூன்றாம் நாள் இரவு. அடுப்படிக்கு வெளியே அப்பத்தா பக்கத்தில் படுத்திருந்தேன். "அவுக கேட்டதச் செய்யப் போறியா ராசா?" என்றாள் இருட்டில்.

"யோசிக்கிறேன் அப்பத்தா."

சிறிது நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "உங்க தாத்தா கையப் பாத்திருக்கேல்ல?" என்றாள்.

பார்க்காமல் என்ன? என் தாத்தாவின் இடக்கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையா. கரும்பு ஆலையில் மாட்டிக்கொண்டு போனவை என்று சொல்லுவார். எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தம் இரு கைகளையும் விரித்துக் காட்டி, "எட்டு வரைக்கும் ஏங் கையில எண்ணு, மிச்சத்த உங் கையில எண்ணு" என்பார். நான் சிரித்துக்கொண்டே ஒன்பது, பத்து என்று என் விரல்களை மடக்குவேன்.

"ஆலையில போகல ராசா. மருந்துல போச்சு" என்றாள் அப்பத்தா.

1973ஆம் ஆண்டு. அப்போதும் இப்படித்தானாம்; கடையில் மருந்து இல்லை. மேட்டில் கம்பு கதிர் பிடித்து நின்றது. தாத்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும்.

"தீப்பெட்டியா வாங்கிட்டு வந்தாரு. குச்சித் தலையச் சுரண்டிச் சேத்தாரு. நா வேணாமுன்னு சொல்லல. எனக்கு என்ன தெரியும்? அடுப்படியில இருந்தேன். உங்க பெரியப்பனுக்கு மூணு வயசு. பக்கத்துல குந்திக்கிட்டு வேடிக்க பாத்தான். 'தள்ளிப் போடா'ன்னு ஒரு அதட்டுப் போட்டாரு. அவன் அழுதுக்கிட்டு எங்கிட்ட ஓடி வாறான், அங்க வெடிக்குது. அவன் வாறதும் அது வெடிக்கிறதும் ஒண்ணா இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் ஆலை என்று சொன்னார்களாம். உண்மை தெரிந்தால் உரிமம் போகும், வழக்கு வரும் என்ற பயம். பிறகு அதையே ஊருக்கும் சொல்லி, பிள்ளைகளுக்கும் சொல்லி, சாகும் வரை தாத்தா அப்படியே சொல்லிவிட்டார். "கடைசி வரைக்கும் அவரு வெளிய சொன்னதில்ல. நீ அந்தப் படிப்பு படிக்கிறதுனால ஒங்கிட்டச் சொல்லுறேன்" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

அந்த இரவில் நான் படித்த வேதியியல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. தீக்குச்சித் தலையில் இருப்பது எது? பொட்டாசியம் குளோரேட்டு, 1788இல் எசோனில் வெடித்த அதே உப்பு. அதோடு கந்தகமும் இருக்கிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வையும் அடியையும் பொறுக்காது. கந்தகத்தின் மேல் தானே உண்டாகும் அமிலத்தின் தடயமே அதைக் கிளப்பிவிடப் போதும். குச்சித் தலையில் பசையும் பிற பொருள்களும் கட்டிப் பிடித்திருப்பதால் அது நம் சட்டைப் பையில் அமைதியாகக் கிடக்கிறது. சுரண்டி எடுத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது. நம் பக்கத்துச் சிவகாசியில் பட்டாசுத் தொழில் பெருகியிருக்கும் இந்த நாட்டில், கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த வெடிபொருளைச் செய்யவோ வைத்திருக்கவோ கூடாது என்று 1992இல் மத்திய அரசு தடை விதித்தது. தாத்தாவின் விரல்கள் போய்ப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த தடை.

அப்படியானால் குளோரேட்டை விட்டுவிட்டு, வெடியுப்பில் பழைய முறைப்படி செய்தால் ஆபத்தில்லையா? அந்தக் கேள்வியையும் என்னிடமே கேட்டுப் பார்த்தேன். ஆலை மருந்தில் ஒவ்வொரு மணியும் ஒரே அளவு, ஒரே ஈரம், ஒரே தூய்மை. ஆகவே ஒரு கிண்ணம் மருந்து என்றால் என்றும் ஒரே வேகம். வீட்டில் செய்தது ஒரு நாள் புகையும். ஒரு நாள் குழலையே பிளக்கும். அளக்கும் கிண்ணம் மாறவில்லை, உள்ளே இருப்பது மாறிவிட்டது என்பதைக் கண்ணால் காண முடியாது. அரைக்கும்போது ஒரு பொறி விழுந்தால் அதற்குப் பிறகு கவனத்துக்கு வேலை இல்லை. கடையில் சரக்கு இல்லை என்பதற்காகப் பொருள் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. என் தாத்தா முட்டாள் அல்லர். ஊரில் அவரைவிட நிதானமான ஆள் இருந்ததில்லை என்பார்கள். நிதானம் இருந்தது. கையில் இருப்பது என்ன என்று தெரியவில்லை. தெரிந்திருந்த லவாய்சியருக்கே அது அடங்கவில்லை.

நான்காம் நாள் இரவு திண்ணையில் எல்லோரும் இருந்தார்கள். "செய்ய மாட்டேன் மாமா" என்றேன். காரணமும் சொன்னேன். அப்பத்தா தலையசைக்கவே, தாத்தாவின் விரல்களைப் பற்றியும் சொன்னேன். பெரியப்பாவுக்கு அது அதுவரை தெரியாது. அவர் தம் இரு கைகளையும் மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமாவுக்கு மனம் ஆறவில்லை. "ஒரு மருந்து செய்யத் துணிச்சல் இல்ல. இதுக்கு எதுக்குக் காசக் கொட்டிப் படிக்க வைக்கணும்?" என்றார். அந்தச் சொல் சுட்டது; மறைக்க விரும்பவில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை. பெரியப்பாதான் தலை நிமிர்ந்து, "தெரியாம ஒண்ணும் அவன் சொல்லல மாமா. தெரிஞ்சுதான் வேணாங்குறான்" என்றார். அவர் எனக்காகப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

நான் மறுத்ததும் பன்றிகள் மனம் திருந்திக் காட்டுக்குத் திரும்பின என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முறை வைத்துக் கொல்லையில் படுத்தோம். தகரம் தட்டினோம், நெருப்புப் போட்டோம். விடிய விடியக் கத்திவிட்டு, காலையில் முதல் பேருந்து பிடித்து வந்து வகுப்பில் தூங்கியிருக்கிறேன்; ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். கடலையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கார்த்திகை மூன்றாம் வாரத்தில் கடைக்கு மருந்து வந்தது. அப்போது நாங்கள் கடலை பிடுங்கி முடித்திருந்தோம். என் தேர்வுக் கட்டணத்துக்கு அப்பா இரண்டு ஆடுகளை விற்றார். நான் அன்று 'சரி' என்று சொல்லியிருந்தால் அந்த ஆடுகள் இன்றும் தொழுவத்தில் இருந்திருக்குமோ என்று அவ்வப்போது தோன்றும். உடனே, பெரியப்பாவின் மூன்று வயதுப் பேத்தி முற்றத்தில் விளையாடுவது கண்ணில் படும்.

என் படிப்பால் ஊருக்கு வேறொன்று செய்ய முயன்றேன். சேதமான நிலங்களை அளந்து, படம் எடுத்து, பதினோரு குடும்பங்களுக்கு இழப்பீட்டு மனு எழுதி வனத்துறையில் கொடுத்திருக்கிறேன். 2025 சனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வருபவற்றைப் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் இல்லை. எங்கள் நிலம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவிட வழி செய்திருக்கிறார்கள். காட்டுக்கு மிக அருகில் இருப்பவனுக்குத்தான் சேதம் மிகுதி. அவனுக்குத்தான் வழி குறைவு. காட்டையும் காக்க வேண்டும், அவன் கடலையையும் காக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காணும் வேலை, படித்து வெளியேறும் நம்மைப் போன்றவர்களுக்குக் காத்திருக்கிறது. அந்த வழி இல்லாத இடத்தில்தான் ஒருவன் தீப்பெட்டியைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறான்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நம் ஊரும் நம்மிடம் வந்து கேட்கும். நமக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்கும். அந்த நம்பிக்கை இனிமையானது, அதனாலேயே ஆபத்தானது. "முடியும்" என்று சொல்ல நமக்கு ஆசை வரும். "வேண்டாம்" என்று காரணத்தோடு சொல்லவும் நாம் கற்றிருக்க வேண்டும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஒரு பேராசிரியரும், எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவும்.

அப்பத்தாவின் இசைவோடுதான் இதை எழுதினேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உங்க தாத்தா இருந்திருந்தா வைவாரு" என்றாள். பிறகு என் இடக்கையை எடுத்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் தடவிப் பார்த்துவிட்டு விட்டாள். ஒன்பது, பத்து. மிச்சத்தை என் கையில் எண்ணச் சொன்னவர் தாத்தா. இரண்டும் இருக்கின்றன.